இடக்கையில் சிவப்பு நூல்

பெட்டியில் பன்னிரண்டு ஜோடி கையுறைகள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூடச் சரியான ஜோடி அல்ல என்பதை விமான நிலையத்துச் சுங்க அதிகாரி இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். இடக்கை சற்றே அடர்ந்த பழுப்பு. வலக்கை ஓரளவு வெளிறியது. இடக்கைகளின் உள்விளிம்பில் சிவப்பு நூலால் ஒரு தையல், வலக்கைகளில் நீல நூல்.

"இதில் எங்கே தவறு நடந்தது?" என்று கேட்டார்.

"அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையும் கையுறைகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். ஆஸ்திரியாவில் என்னிடம் முதலில் பேசிய மனிதர் அவர்தான்.

ஆம்பூரை ஒட்டிய ஒரு கையுறைத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வேதியியல் படித்தவள். தோல் கிழிகிறதா, சாயம் ஒட்டுகிறதா, வியர்வை பட்டால் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுவது என் பொறுப்பு. என் கையெழுத்து விழாமல் சரக்கு கப்பலேறாது. நாங்கள் செய்யும் கையுறைகளில் ஒரு வகை, உள்துணி இல்லாத மெல்லிய ஆட்டுத்தோல் கையுறை. வசந்த காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் நீண்ட பலகைகளைக் காலில் கட்டிக்கொண்டு, இயந்திர வண்டி எதுவும் இல்லாத சரிவுகளில் தாமே ஏறி, பிறகு சறுக்கி இறங்கும் மனிதர்களுக்கானது. அவர்களிடமிருந்து புகார் வந்தது. கையுறையைக் கழற்றினால் உள்ளங்கை முழுக்கப் பழுப்பாகிறதாம். கையை வைத்த சட்டை, துண்டு, ரொட்டி எல்லாவற்றிலும் கறை படிகிறதாம்.

புகார் வந்த சரக்கில் பெரும்பகுதி ஒரே நாளில் சாயமேறிய தோல். அன்று மதியம் மின்சாரம் நின்று டிரம் பாதியில் நின்றது எல்லோருக்கும் நினைவிருந்தது. டிரம் என்றால் மரத்தாலான பெரிய உருளை. தோலும் நீரும் சாயமும் அதற்குள் மணிக்கணக்காகச் சுழலும். கடைசியில் அமிலம் விட்டு, குறித்த நேரம் சுழற்றினால்தான் சாயம் தோலில் கட்டும். அந்த டிரம்மைப் பத்தொன்பது ஆண்டுகளாக ஓட்டுபவர் தேவராஜ் அண்ணன். மின்சாரம் வந்த பிறகு அவர் முழு நேரம் ஓட்டவில்லை, அவசரத்தில் தோலை வெளியே எடுத்துவிட்டார் என்பது மேனேஜரின் முடிவு. நான் திரும்பி வரும்வரை வீட்டிலேயே இருக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. என் அறிக்கை டிரம்மைக் குறை சொன்னால் அவருக்கு வேலை இல்லை. வயது ஐம்பத்திரண்டு. மகள் நர்ஸிங் இரண்டாம் ஆண்டு.

அவர் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர். தெருவில் என்னை "ம்மா" என்பார். ஆலைக்குள் "மேடம்" என்பார். ஆம்பூர் ரயில் நிலையத்துக்கு வழியனுப்ப வந்தபோது எதைச் சொல்வது என்று தடுமாறி, பிளாட்பாரத்திலும் "மேடம்" என்றே அழைத்தார்.

"என்னக் காப்பாத்தணும்னு போவாதீங்க மேடம். அப்டிப் போனா கண்ணு சரியா தெரியாது. இன்னா இருக்குதோ அத்தப் பாத்துட்டு வாங்க."

"அன்னிக்கி நேரம் எவ்ளோண்ணா ஓடுச்சு?"

"முழுசாத்தான் ஓட்னேன்" என்றார், வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தைப் பார்த்தபடி. "குளிரு ஜாஸ்தின்றாங்க. ஸ்வெட்டர் எடுத்துக்கினீங்களா?"

அவர் சொன்னது சரி. அவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. அந்த ஆசைக்கு எதிராகச் செய்துகொண்ட ஏற்பாடுதான் பொருந்தாத கையுறைகள். சிவப்பு நூல் இட்ட இடக்கைகள் எல்லாம் சர்ச்சைக்குரிய நாளின் தோல். நீல நூல் இட்ட வலக்கைகள் வேறொரு நாள், வேறொருவர் ஓட்டிய டிரம்மின் தோல். ஒரே மனிதரின் இரு கைகள், ஒரே பனி, ஒரே வியர்வை. இடக்கை மட்டும் கறைபட்டால் தேவராஜ் அண்ணன் தவறு செய்தவர். அதை எழுதித்தான் ஆக வேண்டும்.

முதல் நாளே பேருந்தைத் தவறவிட்டேன். நிறுத்தத்துக்கு முப்பதடி தூரத்தில் நான் பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தபோதே மலையடிவாரக் கிராமத்துக்குப் போகும் பேருந்து வந்தது. வாணியம்பாடிச் சாலையில் செய்வதைப் போலக் கையை உயர்த்தினேன். ஓட்டுநரும் பதிலுக்குக் கையை உயர்த்தி, அன்போடு ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி ஏதோ சொன்னார். அங்கிருந்த ஒரு பள்ளிச் சிறுமி அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்: "பேருந்து தாமதமாக வரவில்லையாம். நீங்கள்தானாம்." அடுத்த பேருந்துக்கு ஒரு மணி நேரம். எங்கள் ஊரில் நேரம் தவறும் பேருந்து வழியில் ஓடி வருபவருக்காக நிற்கும். இங்கே நேரம் தவறாத பேருந்து யாருக்காகவும் நிற்பதில்லை. எது கூடுதல் நீதியுள்ளது என்று அந்த ஒரு மணி நேரமும் யோசித்தேன். முடிவுக்கு வர இயலவில்லை.

கிராமத்தில் மூவர் காத்திருந்தனர். எங்களிடம் கையுறை வாங்கும் சிறு நிறுவனத்தின் யோஹன்னா, முப்பது வயதுக்காரர், எதையும் குறிப்பேட்டில் எழுதுபவர். வழிகாட்டி ஹன்னெஸ், அறுபதைக் கடந்தவர், பேச்சைச் சிக்கனமாகச் செலவிடுபவர். மூன்றாமவர் ரெனாட்டெ, மருத்துவமனையில் செவிலியர், புகார் எழுதியவர்களில் ஒருவர். அவர் தம் உள்ளங்கைகளைத் திருப்பி என்னிடம் நீட்டியபடிதான் அறிமுகமானார். "போன வாரத்துக் கறை" என்றார். "அறுவை அரங்கில் கை கழுவும்போது டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்."

பனிக்காலத்தின் வால்பகுதி அது. கிராமத்தில் பனியே இல்லை. மஞ்சள் பூக்கள் பூத்த புல்வெளியில் சேறு. பலகைகளை முதுகில் செங்குத்தாகக் கட்டிக்கொண்டு அவர்கள் நடந்தது, இரண்டு கொம்பு முளைத்த மனிதர்கள் போவதைப் போலிருந்தது. எனக்குச் சறுக்கத் தெரியாது என்பதால் அகன்ற பனிச்செருப்பு ஒரு ஜோடி தந்தார்கள்; முறத்தில் பாதி அகலம், நடந்தால் வாத்தைப் போல நடக்க வேண்டும். இரண்டு மணி நேர ஏற்றத்துக்குப் பிறகுதான் பனி தொடங்கியது.

அங்கே ஹன்னெஸ் பலகையின் அடியில் நீண்ட ரோமப் பட்டை ஒன்றை ஒட்டினார். தொட்டுப் பார்க்கக் கேட்டேன். ஒரு திசையில் கை வழுக்கியது. எதிர்த் திசையில் ரோமம் எழுந்து தடுத்தது. ஏறும்போது பலகை பின்னால் சரியாமல் பிடித்துக்கொள்வது இந்த ரோமம்தான். முற்காலத்தில் கடல்நாயின் தோலை ஒட்டினார்களாம், இப்போது நைலான். உச்சியில் உரித்தெடுத்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார்கள், பசை ஈரமாகாமலிருக்க. தோலை எந்தத் திசையில் தடவ வேண்டும் என்பதை ஆம்பூரில் மேசை போட்டுக் கற்றுத்தருகிறோம். இங்கே மலையேறவே அந்த அறிவு போதுமானதாயிருக்கிறது.

இரவு தங்கியது மரத்தாலான ஒரு மலைவிடுதி. சூப்பில் ஒரு பெரிய உருண்டை மிதந்தது. பழைய ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பிசைந்து பொரித்தது. ஒன்று சாப்பிட்டதும் பசி அடங்கியது, இரண்டாவது வந்ததும் பயம் வந்தது. விடுதியை நடத்தும் அம்மாளுக்கு நான் கொண்டுபோயிருந்த ஆற்காட்டு மக்கன் பேடாவைக் கொடுத்தேன். கடித்தவர் கண்ணை மூடிக்கொண்டார். "இதைச் சாப்பிட்டுவிட்டு உங்கள் ஊரில் எந்த மலையில் ஏறுகிறீர்கள்?" என்று கேட்டார். எங்கள் மலைகள் பாறை மலைகள், அவற்றில் ஏறுபவர்கள் ஆடுகள் என்றேன். "எங்கள் கையுறையாக ஆகப் போகும் ஆடுகள்" என்று யோஹன்னா சேர்த்தார்.

அன்றைக்கு ஒரு தவறு செய்தேன். எல்லோருடைய நனைந்த கையுறைகளும் காலணிகளும் கணப்படுப்பைச் சுற்றித் தொங்கின. சூட்டில் காய்ந்தால் தோல் விறைத்துச் சுருங்கும்; நெருப்புக்குப் பக்கத்தில் ஈரத்தோலைப் பார்த்துக்கொண்டு தோல் ஆலைக்காரியால் எப்படி உட்கார முடியும்? எல்லோரும் படுக்கப் போனதும் ஒவ்வொன்றாக எடுத்து, காற்றோட்டமான நிழல் மூலையில் முறையாகப் பரப்பி வைத்தேன். எங்கள் ஆலையில் அதற்குப் பாராட்டுக் கிடைக்கும். அதிகாலையில் விடுதி முழுக்க ஈரக் காலணிக்குள் கால் விட்டவர்களின் குரல்கள். பக்கத்து மேசையில் ஒருவர் தம் மனைவியிடம் சொன்னதை யோஹன்னா சிரிப்பை அடக்கியபடி மொழிபெயர்த்தார்: "இந்தியாவிலிருந்து தோலுக்கு வக்கீல் வந்திருக்கிறாராம்."

இரண்டாம் நாள், விடியும் முன்பே கிளம்பினோம். வசந்தப் பனியில் காலமே எல்லாம். இரவில் உறைந்த பனியின் மேற்பரப்பு காலையில் ஓடுபோலக் கெட்டியாக இருக்கும். வெயில் ஏறியதும் மேலே ஒரு விரல்கடை இளகி, அரிசி நொய்யைப் பரப்பினாற்போல ஆகும். சறுக்குபவர்கள் காத்திருப்பது அந்த ஒரு மணி நேரத்துக்காக. அதற்குப் பிறகு கூழ். கூழான பனி மலையோடு ஒட்டியிருக்க விரும்பாது. சரிவு சரிவாகக் கழன்று விழும். அதனால் ஹன்னெஸ் ஒவ்வொரு நாளும் ஒரு நேரத்தைச் சொல்வார். அந்த நேரத்தில் எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும்.

நால்வரும் பொருந்தாத கையுறைகளையே அணிந்தோம். கிளம்புமுன் மூவரும் ஒரு குழாயிலிருந்து வெள்ளைக் களிம்பை முகம், கழுத்து, காது, கைகள் என்று கொழகொழவென்று பூசினார்கள். ரெனாட்டெ குழாயை என்னிடம் நீட்டினார்.

"வேண்டாம். நான் வேலூர் மாவட்டத்தில் வளர்ந்தவள். மே மாதத்தில் எங்கள் ஊர்ச் சாலையில் தார் இளகும்" என்றேன்.

ஹன்னெஸ் முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "உங்கள் வெயில் மேலேயிருந்து வரும்" என்றார். "எங்களுடையது கீழேயிருந்து வரும்."

அதன் பொருள் மாலையில் புரிந்தது. பனி, வெயிலை அப்படியே திருப்பி முகத்தில் எறிகிறது. தொப்பி நெற்றியைக் காத்தது. ஆனால் தாடையின் அடிப்பகுதி, மூக்குத் துவாரங்களின் உள்விளிம்பு, கீழுதடு என்று வேலூர் வெயில் ஒருநாளும் எட்டாத இடங்களெல்லாம் வெந்துபோயின. சூப்பைக்கூட ஆறவைத்துக் குடித்தேன்.

ஆனால் அன்று மாலை என்னை வருத்தியது முகம் அல்ல. விடுதி மேசையில் மூவரும் கையுறைகளைக் கழற்றி, உள்ளங்கைகளை வெள்ளைத் தாளில் அழுத்தினார்கள். மூவரின் இடக்கையும் பழுப்பு. வலக்கையைப் பார்க்குமுன் மூச்சை இழுத்துக்கொண்டேன். வலக்கையும் பழுப்பு. சிவப்பு நூலும் நீல நூலும் ஒரே அளவுக்குக் கறைபட்டிருந்தன. தேவராஜ் அண்ணனின் டிரம் மட்டும் தனியாகக் குற்றவாளி அல்ல. அந்த நிம்மதியில் என் கைகளையும் தாளில் அழுத்தினேன்.

தாள் வெண்மையாகவே இருந்தது.

இரண்டு கையும் சுத்தம். யோஹன்னா என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். "உன் நிறத்தில் தெரியவில்லையோ?" என்று தயங்கிக் கேட்டார். ஈரத்துணியால் தேய்த்தோம், துணியிலும் எதுவும் இல்லை. அவர்கள் மூவருக்கும் நடந்தது எனக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை? ஈரம் காரணமென்றால் அதிகாலையில் என் கையுறையும் ஈரமாகத்தான் இருந்தது, என் புண்ணியத்தில். வியர்வை காரணமென்றால் ஏற்றத்தில் எல்லோரையும்விட அதிகம் வியர்த்தது எனக்குத்தான். காரணம் தெரியாதவரை மேனேஜர் "ரெண்டு டிரம்முமே மோசம், ரெண்டு பேருமே வேண்டாம்" என்றுதான் சொல்வார். ஒருவரைக் காப்பாற்றப் போய் இருவருக்கு வினையாகிவிடும்.

விடுதிக்குப் பின்னால் மரக்கட்டைகள் அடுக்கிய இடத்தில் மட்டும் தொலைபேசி எடுக்கும். தேவராஜ் அண்ணனை அழைத்தேன்.

"இன்னாச்சு மேடம்?"

"இன்னும் தெரியலண்ணா. ரெண்டு நாள் ஆவும்."

"சாப்டீங்களா? பிரியாணிலாம் கெடைக்காது இல்ல அங்க?"

"ரொட்டியில உருண்டை புடிச்சி சூப்புல போடறாங்க."

"அது இன்னா கொடுமை" என்றார். "வீட்ல உக்காந்துகினு இருக்கறது பேஜாரா இருக்குதும்மா. டிரம் சத்தம் இல்லாம மத்தியானம் தூக்கமே வர மாட்டேங்குது."

மூன்றாம் நாள் மலை எங்களை அனுமதிக்கவில்லை. இரவு மேகமூட்டம்; பனி உறையவேயில்லை. விடியலில் வாசலில் நின்று ஹன்னெஸ் தம் கைத்தடியைப் பனியில் அழுத்தினார். கைப்பிடிவரை இறங்கியது. "இன்று சீட்டாட்டம்" என்று உள்ளே வந்துவிட்டார். அனுபவமுள்ள இன்னொரு குழுவும் பலகைகளை மீண்டும் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தது. இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு செலவு செய்து, ஒரு கைத்தடி சொன்ன சொல்லுக்கு முணுமுணுப்பில்லாமல் அடங்கும் மனிதர்களை நான் பார்த்ததில்லை. கப்பலுக்கு நாள் குறித்த பிறகு எங்கள் ஆலையில் எந்தத் தோல் எந்தக் குறையோடு வந்தாலும் யாரும் "இன்று சீட்டாட்டம்" என்று சொல்வதில்லை.

சாப்பாட்டுக்கு, தடித்த தோசையைப் பிய்த்துச் சர்க்கரை தூவினாற்போன்ற ஒரு பண்டம் வந்தது. ரெனாட்டெயிடம் ஆம்பூர் பிரியாணியையும் அதன் கூட வரும் கத்தரிக்காயையும் விவரித்தேன். அவர் கேட்டுக்கொண்டே தம் கைப்பையிலிருந்து அந்த வெள்ளைக் குழாயை எடுத்து, என் வெந்த மூக்கைச் சுட்டினார்.

"நாளைக்காவது பூசு. செவிலியராகச் சொல்கிறேன்."

குழாயைக் கையில் வாங்கினேன். சற்று வழிந்து விரலில் ஒட்டியது. விரல்களைத் தேய்த்தபோது அந்தக் கொழகொழப்பு எங்கோ அறிந்ததாக இருந்தது. சாயக் கறை படிந்த தோலைத் துடைக்க எங்கள் ஆலையில் பயன்படுத்தும் எண்ணெய்ப் பசைபோல. எழுந்துபோய் என் கையுறையின் உள்புறத்தை அந்த விரலால் தேய்த்தேன். விரல் பழுப்பானது.

மேசையிலிருந்த மூவரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என் விரலைப் பார்த்தார்கள்.

"பூசாதவள் நான் ஒருத்திதான்" என்றேன்.

என் சோதனைக்கூடத்தில் வியர்வைக்கு ஒரு திரவம் இருக்கிறது, மழைக்கு ஒன்று, உப்புநீருக்கு ஒன்று. வெயில் களிம்புக்கு எதுவும் இல்லை. ஏனென்றால் ஆம்பூரில் தையல் மேசையிலிருந்து மேனேஜர் அறைவரை அப்படியொன்றைக் கையில் பூசிக்கொண்டு யாரும் வேலைக்கு வருவதில்லை. வெயிலில் போனால் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்வோம். இந்தக் கையுறை வெயிலும் பனியும் சேர்ந்த ஒரு பருவத்துக்காகச் செய்யப்பட்டது என்று அட்டையிலேயே எழுதியிருந்தது. அங்கே மனிதர்கள் என்ன பூசுவார்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் கையெழுத்திட்டவள் நான்.

ஒரு விரலின் சாட்சி போதாது. நான்காம் நாள், ரெனாட்டெயின் யோசனைப்படி இடம் மாறிக்கொண்டோம். நான் முகத்திலும் கைகளிலும் தாராளமாகப் பூசிக்கொண்டேன். அவர் தம் முகத்துக்கு என் கையால் பூசவைத்து, தம் கைகளைச் சோப்பால் மூன்று முறை தேய்த்துக் கழுவி, பெட்டியிலிருந்து புதிய கையுறை ஒரு ஜோடி போட்டுக்கொண்டார்.

இரவு வானம் தெளிந்திருந்ததால் பனி நன்றாக உறைந்திருந்தது. "ஒன்பது மணி" என்றார் ஹன்னெஸ். மலைகளுக்கிடையே இருந்த ஒரு கணவாயை அதற்குள் எட்ட வேண்டும். அவர்கள் பலகைகளில் சீராக ஏறினார்கள். நான் பின்னால் வாத்து நடை. எட்டரைக்குக் கணவாய் கண்ணுக்குத் தெரிந்தது. பத்து நிமிடம் நடந்தபின்னும் அதே தூரத்தில் தெரிந்தது. என்னால் நால்வரும் தாமதமாகிறோம் என்ற எண்ணம் என் கால்களைவிடக் கனத்தது. நான் இங்கேயே நிற்கிறேன், நீங்கள் போய்வாருங்கள் என்றேன்.

ஹன்னெஸ் மேலே இருந்த சரிவைக் காட்டினார். "இங்கே நிற்கக் கூடாது. நட, அல்லது எல்லோரும் திரும்புவோம். இரண்டும் எனக்குச் சம்மதம்."

நடந்தேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் கணவாயில் நின்றோம். மறுபுறத்தில் வரிசை வரிசையாக வெண்மலைகள், அவற்றின் கீழே பச்சைப் பள்ளத்தாக்கு, அதில் தீக்குச்சி அளவுக்கு ஒரு ரயில். ஒரே பார்வைக்குள் இரண்டு பருவங்கள். ஐந்து நிமிடம்தான் பார்க்க விட்டார். அவர்கள் நொய்ப்பனியில் அரைவட்டங்கள் வரைந்தபடி வழுக்கி இறங்கிவிட்டு, அடிக்கடி நின்று எனக்காகக் காத்திருந்தார்கள். நான் இறங்கியபோது பனி கூழாகத் தொடங்கிவிட்டது. ஓரிடத்தில் தொடைவரை புதைந்தேன். விடுதியை நெருங்கியபோது பின்னால் லாரியில் ஜல்லி கொட்டுவதுபோல நீண்ட ஓசை. காலையில் நாங்கள் கடந்த சரிவுக்குப் பக்கத்துச் சரிவு கழன்று விழுந்திருந்தது. ஹன்னெஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

மேசையில் வெள்ளைத் தாள்களை விரித்தோம். என் இரு உள்ளங்கைகளும் அப்பட்டமான பழுப்பு. இடமும் வலமும் ஒரே அழுத்தம். ரெனாட்டெயின் தாளில் ஈர ரேகை மட்டும்.

யோஹன்னா உடனே குறிப்பேட்டைத் திறந்தார். "அப்படியானால் எச்சரிக்கை அட்டை போதும். களிம்பு பூசிய கையால் அணியாதீர்."

"வெயிலுக்கான கையுறையிலா?" என்றார் ரெனாட்டெ. "குடையில் 'நனைக்காதீர்' என்று எழுதுவதுபோல."

சாயத்தை இன்னும் இறுக்கிக் கட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. ஆனால் அதன் கழிவு எங்கள் ஊரில்தான் தங்கும். பாலாற்றின் கரையில் வளர்ந்தவளுக்கு அந்த யோசனையைச் சொல்ல நா எழவில்லை. சொல்லாமலிருப்பதும் நேர்மையல்ல என்பதால் வேதிப்பொருளையும் கழிவையும் சேர்த்தே சொன்னேன். ரெனாட்டெ கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ளங்கைக்கு எதற்குச் சாயம்? அப்படியே விட்டுவிடுங்களேன்."

"அழுக்காகத் தெரியும்" என்றார் யோஹன்னா.

"இப்போது என் கையே அழுக்காகத் தெரிகிறதே."

யோஹன்னா அதையும் எழுதிக்கொண்டார். அது என்ன ஆகும் என்று இன்னமும் எனக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் கீழே இறங்குமுன் அறிக்கையை முடித்தேன். முதல் வரி: இரு டிரம்களின் தோலும் சமமாகவே கறைபடுகிறது, காரணம் வெயில் களிம்பு. இரண்டாம் வரி: இது சோதனையில் தெரிந்திருக்க வேண்டும், அந்தச் சோதனையைக் கேட்காமல் ஒப்புதல் தந்தவள் நான்.

தோளுக்குப் பின்னாலிருந்து படித்த யோஹன்னா, "சோதனைப் பட்டியல் எங்களுடையது. உன் பெயர் எதற்கு?" என்றார்.

"கையெழுத்து என்னுடையது."

இதன் விளைவு என்னவாகும் என்று அந்தப் புல்வெளிச் சேற்றில் இறங்கிய நேரமெல்லாம் எடைபோட்டுப் பார்த்தேன். வேலை போகலாம். போகாமலும் இருக்கலாம். அந்த வரியை எடுத்துவிட்டால், களிம்பில் கரையும் அளவுக்குச் சாயம் கட்டாமல் விட்டது யார் என்ற கேள்வி மீண்டும் டிரம் பக்கம்தான் திரும்பும் என்பது மட்டும் நிச்சயம். அன்று பேருந்து நிறுத்தத்தில் பதினைந்து நிமிடம் முன்னதாகவே நின்று, இரண்டு வரிகளும் இருக்கவே அறிக்கையை மேனேஜருக்கு அனுப்பினேன்.

ஊர் திரும்பிய மறுநாள் ஆலைக்குப் போனபோது தேவராஜ் அண்ணன் டிரம் பக்கத்தில் நின்றிருந்தார். எனக்கு மேனேஜர் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வைத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு கீழே வந்தேன். தேவராஜ் அண்ணன் என் முகத்தை உற்றுப் பார்த்தார். மூக்கிலும் தாடையிலும் தோல் பொரிப்பொரியாக உரிந்துகொண்டிருந்தது.

"இன்னா மேடம், ஃபாரின் போனா கலர் ஏறும்பாங்க. நீங்க உரிச்சிகினு வந்துட்டீங்க."

பையிலிருந்து பொருந்தாத ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். அவர் நூலைப் பார்க்கவில்லை, இரண்டையும் விரலால் மடித்துப் பார்த்துவிட்டு இடக்கையை உயர்த்தினார். "இது நம்பளுது." பிறகு அதைக் கீழே வைக்காமல் பிடித்தபடியே இருந்தார்.

"மேனேஜர் கூப்ட்டு உங்க ரிப்போர்ட்ட படிச்சிக் காட்னாரு. 'ஒப்புதல் தந்தவள் நான்'னு. அத்த ரெண்டு வாட்டி படிச்சாரு."

"சரிண்ணா."

"ஸ்டேஷன்ல முழுசா ஓட்னேன்னு சொன்னேன் இல்ல?" குரலைத் தாழ்த்தினார். "அர மணி நேரம் கம்மிதான் ஓட்னேன். லாரி நின்னுகினு இருந்துச்சு. கரண்ட் எப்ப போச்சு எப்ப வந்துச்சுன்னு யாரும் எழுதல, யாருக்குத் தெரியப் போவுதுன்னு எடுத்துட்டேன்."

அறிக்கையில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை; அந்த அரை மணி நேரத்தால் கறை வரவில்லை என்பதை எட்டு உள்ளங்கைகள் காட்டியிருந்தன. ஆனாலும் என் கால் மறுபடியும் கூழ்ப்பனியில் இறங்கியதுபோல இருந்தது.

"இத்தயும் எழுதணும்னா எழுதுங்க" என்றார்.

"நான் எழுதலண்ணா. நீங்க எழுதுங்க." சுவரிலிருந்த நாள்காட்டியைக் காட்டினேன். "அந்த நாளுக்கு நேரா. இனிமே ஒவ்வொரு லாட் தோலுக்கும். நான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அதப் பாத்துட்டுத்தான் போடுவேன்."

அவர் நாள்காட்டியின் தாள்களைப் பின்னுக்குத் தள்ளி அந்த நாளைத் தேடினார். என் பேனாவைக் கேட்டு வாங்கி, பெரிய எழுத்தில் எழுதினார்: அரை மணி கம்மி. தேவராஜ்.

பதினோரு மணிக்கு மின்சாரம் போனது. டிரம் ஒரு சுற்று முனகிச் சுற்றி நின்றது. வாசலில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. தேவராஜ் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்து, அன்றைய தேதிக்கு நேராக நேரத்தை எழுதிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். லாரி மீண்டும் ஹாரன் அடித்தது. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.